வழித்தெறிவதா, வளரவிடுவதா: இராமநாதபுரக் கரையோர வீட்டுக் கொல்லைக்கு ஓர் ஒப்பீடு

இராமநாதபுரம் மாவட்டத்தின் கரையோர ஊர்களில் ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசியில் முதல் மழை விழுந்து பத்துப் பதினைந்து நாள் கழிவதற்குள், அதுவரை வெறும் மணலாய்க் கிடந்த கொல்லையெல்லாம் பச்சை பிடித்துவிடுகிறது. யாரும் விதைக்காமல் வந்த இந்தச் செடிகளை என்ன செய்வது என்பதற்குத் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை பெரும்பாலான வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் பதில், ஆள் வைத்து வழித்துவிடுவதுதான். இப்போது வேறு சில வழிகளும் அதனோடு சேர்ந்துள்ளன. முற்றம் முழுவதும் சிமெண்ட் கல் பதிக்கிறார்கள், களைக்கொல்லி அடிக்கிறார்கள், கையில் கொஞ்சம் பணம் இருந்தால் நர்சரியில் புல் வாங்கிப் பரப்புகிறார்கள், வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் எதையும் தொடாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் அப்பால், செடியின் பெயரும் குணமும் அறிந்து, சிலவற்றை வளரவிட்டு நிறுத்திச் சிலவற்றைப் பிடுங்கும் வழி ஒன்று உண்டு. அதுவே இந்தக் கரைக்கு மிகப் பொருத்தமானது என்பது என் முடிவு. மற்ற வழிகளை ஒதுக்குவதற்கான காரணங்களையும், எந்த இடத்தில் அவையே சரியாக இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த முடிவு நியாயமாகும்.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம், பெரியபட்டினம், ஏர்வாடி ஆகிய ஊர்களில் கடலையொட்டிய மண் பெரும்பாலும் மணல். அதில் நீரைப் பிடித்துவைக்கும் களிமண்ணோ மட்கோ மிகக் குறைவு. மழைநீர் நேரே கீழிறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. ஊற்றுத் தோண்டி நாம் இறைப்பது இந்த நீரைத்தான். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரம் நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு; அதனால் மேலே ஓரடி குறைந்தாலும் கீழிருந்து உப்பு வெகுவாக ஏறிவரும். அளவுக்கு மீறி மோட்டார் ஓட்டிய வீடுகளில் கிணற்று நீர் சில ஆண்டுகளில் கரித்துப் போவதற்கு இதுவே காரணம். இதோடு காற்றும் இருக்கிறது. கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் மாதங்களில் திறந்து கிடக்கும் மணல் திண்ணைக்கும் சமையற்கட்டுக்கும் வந்து சேர்கிறது. ஆகவே இங்கே ஒரு கொல்லை செய்ய வேண்டிய வேலைகள் மூன்று: மழையை உள்ளே வாங்க வேண்டும், மணலைப் பிடித்து நிறுத்த வேண்டும், கோடையில் நம்மிடம் நீர் கேட்காமல் இருக்க வேண்டும். அழகு, உணவு, நிழல் எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

சிமெண்ட் கல் பதிப்பதில் ஒரு வசதி இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. மீன் உலர்த்தலாம், மிளகாய் காயவைக்கலாம், வண்டி நிறுத்தலாம், முதியவர்கள் கால் புதையாமல் நடக்கலாம். ஆனால் முதல் வேலையிலேயே அது தோற்றுவிடுகிறது. ஐந்து சென்ட் மணல் தரையில் ஓரிரவில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் அங்கே விழுவது ஏறத்தாழ 10,000 லிட்டர் நீர். மணலாக விட்டால் அதில் பெரும்பங்கு நம் ஊற்றுக்கே இறங்கும். கல் பதித்துவிட்டால் பெரும்பாலும் தெருவில் தேங்கிக் கொசு வளர்க்கும். வடகிழக்குப் பருவமழையின் சில நாட்களை நம்பியே ஆண்டு முழுவதும் குடிநீர் பார்க்கும் ஊரில், முற்றத்தை முழுக்க மூடுவது சொந்தக் கிணற்றின் வாயை மூடுவதற்கு ஒப்பானது. நடைபாதைக்கும் வண்டி நிற்கும் இடத்துக்கும் மட்டும் பதித்தால் போதும்.

களைக்கொல்லியைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மருந்தைப் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் மட்டுமே கையாள வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. அந்த மருந்தைப் பிடித்து நிறுத்துவது மண்ணிலுள்ள களித்துகள்; நம் மணலில் அது இல்லை, ஊற்றோ சில அடிகளில் இருக்கிறது. கோழியும் ஆடும் மேயும் கொல்லையில் விஷம் தெளிப்பதை எந்தக் கணக்கிலும் என்னால் ஏற்க முடியவில்லை. இவ்வளவு செய்தும் கோரை சாவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதன் கிழங்குகள் சங்கிலிபோல் ஒன்றையொன்று தொடர்ந்து மண்ணுக்குள் கிடப்பதால் மேலே காய்ந்தது கீழிருந்து மீண்டும் எழும்.

புல்வெளியின் ஈர்ப்பு எனக்குப் புரிகிறது. சீராக, மெத்தென்று, எப்போதும் பச்சையாக ஓர் இடம் வீட்டின் முன்னே இருக்க வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை. ஆனால் பங்குனி, சித்திரை வெயிலில் இந்தக் கரையில் ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் நீர் ஊற்ற வேண்டியிருக்கும். இரண்டு சென்ட் புல்வெளி என்றால் தினம் 400 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஆளுக்கு ஒதுக்கும் அளவு நாளொன்றுக்கு 55 லிட்டர். நால்வர் உள்ள குடும்பத்துக்கு 220 லிட்டர். குடும்பம் புழங்கும் நீரைப்போல் ஏறக்குறைய இரு மடங்கைப் புல் குடிக்கும். அந்த நீரையும் மேலே சொன்ன நன்னீர்ப் படலத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். நீர் கரிக்கத் தொடங்கியதும் முதலில் கருகுவதும் அதே புல்தான். ஊருக்குள் அவிழ்த்துவிடப்படும் ஆடுகளுக்கு வேலி கட்டும் செலவு வேறு. தானாக வளரும் அருகம்புல் இதே இடத்தை நீர் கேட்காமல் மூடுகிறது. கோடையில் பழுத்துக் காய்ந்தாலும் அடுத்த மழைக்குக் கணுவிலிருந்து துளிர்த்துவிடுகிறது. பச்சைத் தரைதான் வேண்டுமென்றால், மழைக்காலத்தில் அருகம்புல்லை மட்டும் நிறுத்தி, மற்றவற்றைக் கையால் எடுத்து, மாதம் ஒருமுறை அரிவாளால் அறுத்துவிட்டால் போதும். ஆண்டில் நான்கைந்து மாதம் அது பழுப்பாக இருக்கும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்பவர்களுக்கு அது நல்ல வழி.

எதையும் தொடாமல் விட்டுவிடும் வழியைச் சிலர் இயற்கைக்கு இணக்கமானது என்று நினைக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் அந்த எண்ணம் செல்லாது. இங்கே தொடாமல் விட்ட கொல்லை சில ஆண்டுகளில் போய்ச் சேரும் இடம் சீமைக்கருவேலங்காடு. ஆடும் மாடும் அதன் நெற்றைத் தின்று சாணத்தில் விதையைப் போட்டுச் செல்கின்றன. முளைத்தது முழங்கால் உயரம் வருமுன் வேர் ஆழத்தில் இறங்கிவிடுகிறது. தரைக்கு மேலே வெட்டினால் ஒன்றுக்கு நான்காகக் கிளைக்கிறது. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் மாவட்டத்தில் ஏராளம் என்பதால் அந்த மரத்தை ஒரேயடியாக இகழ எனக்கு மனமில்லை. ஆனால் வீட்டுக் கொல்லையில் அதற்கு இடமில்லை. தமிழக அரசு அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென 2022இல் வெளியிட்ட கொள்கையில் இது முன்னிற்பதும் தக்க காரணத்தோடுதான்.

இன்னொரு காரணம் பாம்பு. ‘இப்படிப் புதர் மண்ட விட்டுட்டா பூச்சி பொட்டு வந்துராதா அண்ணே’ என்று பக்கத்து வீட்டார் கேட்பது வெறும் பயமன்று. மணற்பாங்கான இந்த வறண்ட நிலம் சுருட்டை விரியனுக்கு உரிய இடம். சருகும் புதரும் வாசல் வரை வந்துவிட்டால் இரவில் வெறுங்காலோடு கொல்லைக்குப் போகிறவருக்கு உண்மையான ஆபத்து இருக்கிறது. விட்டுவிடும் வழி இதற்கு விடை சொல்வதில்லை. ஆய்ந்து நிறுத்தும் வழி சொல்கிறது. வீட்டைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்கும், கிணற்றடி, கழிப்பறைப் பாதை ஆகியவற்றின் இருபுறத்துக்கும் மண் தெரியும்படி சுத்தமாக வைத்துக்கொண்டு, செடிகளை அதற்கு அப்பால் நிறுத்த வேண்டும். விறகும் ஓலையும் குவித்துவைக்கும் இடத்தையும் வாசலிலிருந்து தள்ளிப்போட வேண்டும். எலி தங்குவது அங்கேதான், பாம்பு வருவதும் பெரும்பாலும் எலிக்காகத்தான்.

இனி நிறுத்த வேண்டியவை. இவற்றை மதிப்பிடும்போது ஒவ்வொரு செடிக்கும் பத்து நோய்களின் பெயரை அடுக்கி, ‘இது களையன்று, மூலிகை’ என்று வாதிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அந்த வாதம் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். ஹெப்படைட்டிஸ் பி தொற்று உள்ளவர்களுக்கு அது பயன் தருவதாகச் சென்னையில் நடந்த ஆய்வொன்று 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்து உலகத்தின் கவனத்தைப் பெற்றது. பிற இடங்களில் பின்னர் நடந்த ஆய்வுகள் அதே முடிவைத் தரவில்லை. மருந்து என்ற ஒரே காரணத்துக்காக ஒரு செடியை நிறுத்தினால், அந்த மருந்து பொய்த்ததும் செடியும் குப்பைக்குப் போய்விடும். அது மண்ணுக்கும் நீருக்கும் பூச்சிகளுக்கும் செய்யும் வேலையை அன்றாடம் கண்ணால் பார்க்கலாம். அதை வைத்து மதிப்பிடுவதே நிலையானது.

அந்தக் கணக்கில் முதலிடம் கொழிஞ்சிக்கு. மணலில், நீரின்றி, உப்புக்காற்றில் வளரும் சிறு செடி. ஊதா நிறத்தில் அவரைப்பூப் போன்ற பூ. தட்டையான சிறு காய். வேர் முடிச்சுகளில் காற்றின் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் இனம் என்பதால் வயலுக்குத் தழையுரமாக உழவர்கள் இதை வெட்டிப் போட்டு வந்திருக்கிறார்கள். ஆடு பெரும்பாலும் இதைக் கடிப்பதில்லை. ஆகவே வேலி இல்லாத கொல்லையிலும் நிற்கும். பூத்த பருவத்தில் அறுத்துத் தென்னை மூட்டில் புதைத்தால், விலைக்கு வாங்கும் உரத்தில் ஒரு பகுதி மிச்சமாகும். இவ்வளவு செய்கிற செடியை நாற்றுக் கடையில் யாரும் விற்பதில்லை. அது தானாக வருகிறது, நாம் வழித்துப் போடுகிறோம்.

கடலை ஒட்டிய மனை என்றால் அடப்பங்கொடிக்கு ஈடு வேறில்லை. மான்குளம்பு போல் பிளந்த இலையும் ஊதாப் பூவும் கொண்டு நெய்தல் திணைப் பாடல்களில் அடும்பாக நின்ற அதே கொடிதான் இது. கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலை வலைபோட்டுப் பிடிக்கிறது. அதன் மேல் மணல் ஏறினால் கொடி இன்னும் மேலே வந்து மறுபடி வேர்விடுகிறது. இராவணன் மீசையும் அதே வேலையைச் செய்யும், ஆனால் அதன் முனை குத்தும்; பிள்ளைகள் ஓடும் பக்கம் அடப்பங்கொடியும், கடற்பக்கத்து எல்லையில் இராவணன் மீசையுமாக விட்டுவைப்பது நல்லது. மனையைச் சமன்படுத்தும்போது பொக்லைன் முதலில் வழித்தெடுப்பது இந்த இரண்டையும்தான். அடுத்த கச்சானுக்கு மணல் திண்ணையேறுகிறது.

எருக்கைப் பற்றி நம்மிடம் இருவகை மனநிலை இருக்கிறது. விநாயகர் சதுர்த்திக்கு மாலை கட்டத் தேடுகிறோம். வீட்டில் முளைத்தால் ஆகாது என்று வெட்டுகிறோம். ஒரு செடியாவது வேலியோரத்தில் நிற்கட்டும் என்பேன். மழைக்காலத்தில் அதன் இலையைத் திருப்பிப் பார்த்தால் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு இருக்கும்: கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வளையங்கள், இடையிடையே மஞ்சள் புள்ளிகள், முதுகில் கறுப்பு இழைகளாக மூன்று இணைக் கொம்புகள். எருக்கம்பாலின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அந்தப் புழுவையும், பின்னர் அது மாறும் வண்ணத்துப்பூச்சியையும் விட்டுவிடுகின்றன. எருக்கும் அதன் இனச் செடிகளும் இல்லாவிட்டால் அந்தப் புழுவுக்கு உணவில்லை. பால் கண்ணில் பட்டால் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் சிறுபிள்ளைகளின் கைக்கு எட்டாத மூலையில் வைப்பது முக்கியம். ஆவாரை அந்தக் கவலையும் இல்லாதது. பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பூ தருகிறது, மரகத மணிபோல் பச்சைப் புழுக்களாகத் தொடங்கும் வெளிர்நிற வண்ணத்துப்பூச்சிகளுக்கு இலை தருகிறது, ஆடும் விரும்பி மேய்வதில்லை.

தும்பையும் வெட்டுக்காயப்பூண்டும் பூச்சிகளுக்காகவே நிற்க வேண்டியவை. கொல்லையில் பாகலும் பூசணியும் போட்டு, பூ பூத்தும் பிஞ்சு நிற்கவில்லை என்று வருந்தும் வீடுகளில் பல நேரம் குறை தேனீக்களின் வருகையில் இருக்கிறது. காய்கறிப் பூ இல்லாத வாரங்களிலும் தேனீ வந்துபோக ஏதாவது பூத்திருக்க வேண்டும். அந்த வேலையைப் பாத்தி ஓரத்துத் தும்பை செய்கிறது.

உணவுக்கு வருவோம். கார்த்திகை, மார்கழியில் கொல்லையைச் சுற்றி வந்தால் ஒரு வேளைக் கலவைக்கீரை கிடைத்துவிடும்: மூக்கிரட்டை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, தரைக்கீரை, வேலியில் படர்ந்த முடக்கத்தான். மூக்கிரட்டையை அறியாதவர் இல்லை, பெயர்தான் பலருக்குத் தெரியாது. தரையோடு கை பரப்பிக் கிடக்கும். இலையின் அடிப்பக்கம் வெளிறியிருக்கும். குண்டூசித் தலையளவே உள்ள இளஞ்சிவப்புப் பூ காலையில் விரிந்து வெயில் ஏறினால் கூம்பிவிடும். பிசுபிசுப்பான சிறு காய் கோழியின் இறகிலும் சேலைத் தலைப்பிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும். கிழங்குபோல் தடித்த வேர் ஆழத்தில் இருப்பதால் மேலே கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். துளிரைப் பாசிப்பருப்போடு கடைந்தால் கடையில் வாங்கும் கீரைக்குச் சற்றும் குறையாது. உப்பேறிய தாழ்ந்த நிலம் உள்ளவர்களுக்கு உமரி வரும். அதை வேகவைத்து உப்புநீரை வடித்துவிட்டுச் சமைப்பார்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இந்தக் கீரைகள் பலவற்றை, குறிப்பாகத் தரைக்கீரையை, அளவோடு உண்ண வேண்டும். ஆக்சலேட் அதில் அதிகம். மருந்தடித்த வயலோரத்திலும் சாக்கடையோரத்திலும் பறிக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எனக்கு மிக நெருக்கமான செடி ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாயவேர், அல்லது இம்பூறல். ஊசிபோல் மெல்லிய இலை, கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற நான்கிதழ் வெள்ளைப்பூ. மணலில் கால்பட்டுப் போகும் அளவுக்கே உயரம். அதைப் பிடுங்கிப் பார்த்தால் செடியைவிட நீளமான, மெல்லிய வேர் வரும். தோலைக் கீறினால் செம்மஞ்சள் தெரியும். படிகாரத்தோடு சேர்ந்து இந்த வேர் கொடுத்த சிவப்புதான், சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய பூத்துணிகளுக்கு வெயிலிலும் வெளுக்காத நிறத்தைத் தந்தது. 1800களின் பிற்பகுதியில் ஆலைச் சாயம் வந்தபின் அதைத் தோண்டுவார் குறைந்தனர். நித்தியகல்யாணியின் கதை இதற்கு நேர்மாறானது. மடகாஸ்கரிலிருந்து வந்து, இடுகாட்டு மணலிலெல்லாம் பூத்ததால் வீட்டில் வைக்கத் தயங்கிய செடி. அதன் இலையிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை 1958இல் கனடாவில் நோபிள், பீர் என்ற இரு ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த பின், மருந்து ஏற்றுமதிக்காக இந்த மாவட்டத்திலேயே பயிரிடும் நிலைக்கு வந்தது. அந்த மருந்து தொழிற்சாலையில் பிரித்தெடுத்து அளந்து கொடுப்பது. வீட்டில் இலையை மென்று தின்பது நஞ்சு.

பிடுங்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சீமைக்கருவேல நாற்றை மழை ஈரம் இருக்கும்போதே வேரோடு எடுக்க வேண்டும். பார்த்தீனியம் தோல் ஒவ்வாமையும் மூச்சிரைப்பும் தரும். பூக்குமுன் கையுறை போட்டுப் பிடுங்க வேண்டும். உண்ணிச்செடி படர்ந்தால் மற்ற எதையும் வளரவிடாது. ஊமத்தை பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. நெருஞ்சியின் மஞ்சள் பூ அழகானதுதான், ஆனால் முள் காலிலும் சைக்கிள் டியூபிலும் ஏறும். நடைபாதையில் காய்க்குமுன் எடுத்துவிட்டு ஒதுக்குப்புறத்தில் விடலாம். நாயுருவிக்கும் அதே விதி. கோரை காய்கறிப் பாத்தியில் மட்டும் பகை. அங்கே மண்ணைக் கிளறிக் கிழங்கோடு எடுக்க வேண்டும். எடுத்த கிழங்கைக் காயவைத்தால் நலங்கு மாவில் சேர்க்க உதவும்.

இந்த வழிக்கும் குறை உண்டு. பெயர் அறிந்த ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒரு காலைப்பொழுதை அதற்குக் கொடுக்க வேண்டும். மகரந்தத்தால் மூச்சுத் திணறும் நோயாளி உள்ள வீட்டுக்கும், படுக்கையிலிருக்கும் பெரியவரைச் சக்கர நாற்காலியில் வெளியே அழைத்துவரும் வீட்டுக்கும், கல் பதித்த முற்றமும் எல்லையோரம் மட்டும் செடியுமாக இருப்பதே மேல். ஆண்டில் ஒரு மாதம் மட்டும் ஊருக்கு வருபவர்கள் சீமைக்கருவேலத்தை எடுக்க ஆள் ஏற்பாடு செய்துவிட்டு, தரையைக் கொழிஞ்சிக்கும் அருகுக்கும் விட்டுவிடலாம். மற்ற வீடுகளுக்கு, குறிப்பாகக் கிணற்று நீரை நம்பியிருப்பவர்களுக்கு, ஆய்ந்து நிறுத்தும் வழியைவிடச் செலவு குறைந்த, பயன் மிகுந்த வழியை நான் காணவில்லை.

தொடங்குவதற்கு ஏற்ற காலம் முதல் மழைக்குப் பின் இரண்டாவது, மூன்றாவது வாரம். அதற்கு முன் நாற்றுகளை அடையாளம் காண்பது கடினம். தை பிறந்துவிட்டால் பார்த்தீனியமும் நெருஞ்சியும் விதை சிந்திவிடும். மண்வெட்டியோடு வருகிற ஆளுக்கு எல்லாச் செடியும் ஒன்றுதான். ஒரே சீராக வழித்துக்கொண்டு போவதுதான் அவர் பழகிய வேலை. ஆகவே அவர் வருமுன், நிறுத்த வேண்டிய செடிகளின் பக்கத்தில் குச்சி நட்டுப் பழைய துணிக் கிழிசலைக் கட்டிவைத்து, கூடவே ஒருமுறை நடந்து காட்டிவிட வேண்டும். கொழிஞ்சி, தும்பை, ஆவாரை ஆகியவற்றில் சிலவற்றையாவது மாசி வரை நிற்கவிட்டு நெற்று முற்றியபின் அறுத்தால், அடுத்த ஐப்பசிக்கு வேண்டிய விதை அந்த மணலிலேயே விழுந்து கிடக்கும்.